உடைமையும் ஊர்தலும்: குதிரை மறப் பாடல்களும் கொங்கு நாட்டுக் குதிரை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

புறநானூற்றில் ‘குதிரை மறம்’ என்னும் துறையில் அமைந்த பாடல்கள் போர்க்குதிரையின் வீரத்தைப் புகழ்வன என்று பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. அப்பாடல்களில் குதிரையை வைத்திருப்பவனின் பொருள்நிலை, குதிரைக்கு இடப்படும் தீவனம், குதிரை திரும்பாதபோது இல்லம் அடையும் இழப்பு ஆகியனவும் பதிவாகியுள்ளன. குதிரையை ‘உடைமை’ எனக் கொள்வதையும் ‘ஊர்தி’ எனக் கொள்வதையும் தமிழ் இலக்கியம் வேறுபடுத்தி மதிப்பிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சங்கப் பாடல்கள், திருவிளையாடற் புராணக் கதை, தனிப்பாடல், நொண்டி நாடகம், பழமொழி ஆகியவற்றின் வழியே இவ்வேறுபாடு ஆராயப்படுகிறது. கொங்கு நாட்டு வழிபாட்டு மரபும் அந்தியூர்க் குதிரைச் சந்தையும் அதே வேறுபாட்டை இன்றும் வெளிப்படுத்துவது சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குதிரை மறம், புறநானூறு, பொன்முடியார், ஊராக் குதிரை, கயிறு மாறுதல், நொண்டி நாடகம், அந்தியூர்ச் சந்தை, கொங்கு நாடு

முன்னுரை

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் கால்நடைச் சந்தை கூடுகிறது. தமிழகத்தில் குதிரைகள் பெருமளவில் விற்பனைக்கு வரும் சந்தைகளுள் இது முதன்மையானது. காங்கேயம் காளைகளும் பிற நாட்டு மாடுகளும் ஒருபுறம் நிற்க, காதுநுனிகள் உள்நோக்கி வளைந்த மார்வாரிக் குதிரைகளும் கத்தியவார் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளும் மறுபுறம் நிற்கும். திப்பு சுல்தானின் படைக்கு இங்கிருந்து குதிரைகள் வாங்கப்பட்டன என்பது அப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி.

கொங்கு நாடு பெரிதும் புன்செய் நாடு. அதன் வேளாண்மையும் பெருமிதமும் காளையைச் சார்ந்தே வளர்ந்தன. உழவுக்கும் கவலை இறைப்புக்கும் பாரவண்டிக்கும் காளையே உழைத்தது. அத்தகைய நிலத்தில் உழாத, பால் தராத, மிகுதியாகத் தீவனம் கொள்ளும் ஒரு விலங்கு ஏன் மதிப்புப் பெற்றது? அம்மதிப்பு அதனை உடையவனுக்கு உரியதா, அதனை ஊர்ந்தவனுக்கு உரியதா? இவ்வினாக்களுக்கான விடையைத் தேட முதலில் அணுக வேண்டியவை புறநானூற்றின் குதிரை மறப் பாடல்கள்.

குதிரை மறம்: துறையும் வாசிப்பும்

புறநானூற்றில் 273, 299, 302, 303, 304 ஆகிய எண்ணுடைய பாடல்களுக்குக் குதிரை மறம் என்னும் துறை வகுக்கப்பட்டுள்ளது. இவற்றுள் 273, 303 ஆகிய இரண்டும் எருமை வெளியனார் பாடியவை. 299 பொன்முடியாருடையது, 302 வெறிபாடிய காமக்கண்ணியாருடையது, 304 அரிசில் கிழாருடையது. பொன்முடியாரையும் அரிசில் கிழாரையும் தகடூர்ப் போரோடு தொடர்புபடுத்துவது இலக்கிய மரபு. இன்றைய தருமபுரியாகிய தகடூர் கொங்கின் வடவிளிம்பில் அமைந்தது. ஆகவே இத்துறையின் இரு பாடல்களேனும் கொங்குச் சூழலை அறிந்த புலவர்களுடையன எனக் கொள்ள இடமுண்டு.

இப்பாடல்களின் வாசிப்பில் கருதத்தக்க செய்தி ஒன்று உள்ளது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பழையவுரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்தது. குதிரை மறப் பாடல்கள் ஐந்தும் அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளன. எனவே இவற்றின் பொருள், துறைப் பெயரையும் பிற்கால உரைகளையும் கொண்டே பெரும்பாலும் நிறுவப்பட்டது. ‘மறம்’ என்னும் சொல் துறைப் பெயரில் நிற்பதால் வாசகர் வீரத்தையே முதலில் தேடுகின்றனர். தீவனம், நிலம், இல்லம் பற்றிய செய்திகள் வீரத்துக்குப் பின்னணியாக மட்டும் ஒதுங்கிவிடுகின்றன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவையே பாடல்களின் உட்பொருளைத் திறப்பவை.

உழுந்துச் சக்கையும் நெய்யுணவும்

பொன்முடியாரின் பாடல் (புறம். 299) ஏழே அடிகளில் இரு வகைக் குதிரைகளை எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று பருத்தியை வேலியாக உடைய சிற்றூர்த் தலைவனின் குதிரை. அது உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையை உடையது. மற்றொன்று மருதநில ஊர்களை உடைய மன்னரின் குதிரை. அதற்கு நெய் பெய்து மிதித்த உணவு கிடைக்கிறது, பிடரிமயிர் கத்தரிக்கப்பட்டிருக்கிறது, கழுத்தில் தார் விளங்குகிறது. போர் எழுந்தபோது முதற்குதிரை கடலைக் கிழித்துச் செல்லும் தோணிபோலப் படையைப் பிளந்தது. இரண்டாவது, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரைப் போல நின்றுவிட்டது.

இதனை ‘எளியவன் குதிரை வென்றது; செல்வன் குதிரை தோற்றது’ என்னும் நீதியாகச் சுருக்குவது எளிது. பாடலின் சொற்கள் அதனினும் நுட்பமானவை. முதலாவது, இரு குதிரைகளுக்கும் இடையிலான வேறுபாடு இனத்தால் கூறப்படவில்லை. நிலத்தாலும் தீவனத்தாலும் கூறப்படுகிறது. பருத்தியும் உழுந்தும் புன்செய்ப் பயிர்கள். மன்னருடையவை நீர்வளம் மிக்க ஊர்கள். புன்செய்க்கும் நன்செய்க்கும் இடையிலான பொருளாதார வேறுபாடு இரு குதிரைகளின் வயிற்றில் வைத்துக் காட்டப்படுகிறது. பருத்தியும் பயறும் விளையும் கொங்கு நிலத்தை அறிந்த வாசகர் இந்த எதிர்நிலையை எளிதில் உணர்வர்.

இரண்டாவது, சிற்றூர்க் குதிரையின் நடை தளர்ந்தது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. வறுமை அதனை வலிமையாக்கியது என்று அவர் கூறவில்லை. தன் ஊரில் மிஞ்சுவதைக் கொண்டு குதிரை வளர்க்கும் தலைவனால் அவ்வளவே இயலும். அக்குதிரை தளர்ந்தும் பாய்ந்தது என்பதே வியப்பு. வறுமையை அழகுபடுத்தாத இந்த நேர்மை பாடலின் சிறப்பு.

மூன்றாவது, மன்னர் குதிரைக்குக் கூறிய உவமை. கலம் தொடா மகளிர் என்பதற்கு விலக்குக் காலத்து மகளிர் என உரை கூறப்படுகிறது. அம்மகளிர் ஆற்றலற்றவர் அல்லர். ஒரு வரையறையால் செயலிலிருந்து விலக்கப்பட்டவர். அவ்வாறே மன்னர் குதிரைகளும் ஆற்றல் அற்றவை எனப் பாடல் கூறவில்லை. நெய்யும் தாரும் கத்தரித்த பிடரியும் அவற்றைப் பயன்பாட்டிலிருந்து பிரித்து வைத்துள்ளன. அவை காட்சிக்குரிய உடைமையாகிவிட்டன. உடைமையின் பெருக்கமே ஊர்தலுக்குத் தடையானது என்னும் கூர்மையான விமரிசனம் இவ்வுவமையில் உள்ளது.

காமக்கண்ணியாரின் பாடலிலும் (புறம். 302) இதே நிலம் தோன்றுகிறது. வளைத்துவிட்ட மூங்கில் நிமிர்வது போலத் தாவும் குதிரையை உடைய தலைவன், பாணர்க்கு வழங்குபவை கரம்பை நிலத்துச் சிற்றூர்கள். அவன் வீழ்த்திய களிறுகளை எண்ண விண்மீனும் மழைத்துளியும் போதா எனப் பாடல் முடிகிறது. எண்ணிலடங்காப் போர்ச்செயலும் விளைச்சல் குறைந்த நிலமும் ஒரே தலைவனிடம் சேர்கின்றன. இங்கும் குதிரை செல்வத்தின் அடையாளமன்று.

பண்ணுபவனும் காத்திருப்பவளும்

அரிசில் கிழாரின் பாடலில் (புறம். 304) தலைவன் காற்றையும் விஞ்சும் குதிரைக்குத் தானே சேணம் பூட்ட விரைகிறான். முந்தைய நாள் தன் தமையனைக் கொன்றவனோடும் அவன் தம்பியோடும் ஒருசேர நாளை பொருவேன் எனச் சூளுரைத்தவன், உணவு கொள்ளவும் செல்லாமல் குதிரையைச் செலுத்துகிறான். அதனைக் கேட்டு வேந்தனின் பாசறை நடுங்குகிறது.

இங்குக் குதிரைப் பாகன் இல்லை. ஊர்பவனே பண்ணுபவனாகவும் இருக்கிறான். அகப்பாடல்களின் நிலை வேறு. முல்லைத் திணையில் வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனை விளித்துப் பேசுவது மரபு. குதிரையின் விரைவு பாகனின் திறனாகப் போற்றப்படுகிறது. பூவில் துணையோடு தாது உண்ணும் வண்டுகள் கலங்காதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிவந்த தலைவனைக் குறுங்குடி மருதனார் காட்டுகிறார் (அகம். 4). அகத்தில் பாகனுக்குக் கிடைத்த இடம் குதிரை மறப் பாடல்களில் கிடைக்கவில்லை. சிற்றூர்த் தலைவனுக்குப் பாகனை வைக்கும் வளம் இல்லை என்பது ஒரு விளக்கம். பாகனின் உழைப்பைப் புறத்துறை தன் எல்லைக்குள் கொள்ளவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கம் சரியெனில், உழுந்துச் சக்கையை அள்ளி வைத்த கை யாருடையது என்னும் வினா எஞ்சுகிறது. பாடல்கள் அதற்கு விடை தரவில்லை. ஆய்வாளர் அவ்வினாவைக் கைவிடுதல் கூடாது.

பேணுதலின் துயரப் பக்கத்தை எருமை வெளியனாரின் பாடல் (புறம். 273) கூறுகிறது. எல்லாருடைய குதிரைகளும் வந்துவிட்டன. இளமகனைத் தந்த கணவன் ஊர்ந்த குதிரை மட்டும் வரவில்லை. இரு பேராறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல அது வீழ்ந்ததோ என மனைவி கலங்குகிறாள். அவள் வினவுவது கணவனைப் பற்றியன்று, குதிரையைப் பற்றி. சொல்ல அஞ்சும் ஒன்றைச் சொல்லத் துணியாமல் குதிரையின் பெயரால் கூறுகிறாள் என்பது தெளிவு. ஆயினும் அக்கூற்றுக்கு வீட்டுநிலை சார்ந்த பொருளும் உண்டு. குதிரை நாள்தோறும் முற்றத்துக்குத் திரும்பும் விலங்கு. அதன் குளம்பொலி அவ்வில்லத்தின் பழகிய ஒலி. அவ்வொலி இன்மையே இழப்பின் முதற்செய்தியாகிறது. போர்க்களத்தில் நிகழ்ந்ததைப் பாடல் காட்டவில்லை. வாயிலில் நின்று கேட்ட அமைதியைக் காட்டுகிறது. இது வீரத்தின் விலையைப் பாடும் பாடல்.

எருமை வெளியனாரின் மற்றொரு பாடலில் (புறம். 303) நிலம் பின்னோக்கி ஓடுவது போலக் குளம்பால் மண்ணைக் குடைந்து வரும் குதிரைமேல் பகைவன் வருகிறான். அவனைக் காண்பவன் முந்தைய நாள் வேந்தர் முன்னிலையில் களிற்றை வீழ்த்தியவன். இப்பாடல் உடைமைச் சிக்கலைத் தொடவில்லை. முழுமையான போர்ப்பாடலாகவே நிற்கிறது. எனவே துறை முழுவதும் பொருளியல் நோக்குடையது என்று கூறுதல் மிகையாகும். ஐந்தில் நான்கு பாடல்களில் நிலம், உணவு, உழைப்பு, இல்லம் ஆகியவற்றுள் ஒன்றேனும் குதிரையோடு பிணைந்துள்ளது என்பதே இங்கு நிறுவப்படுவது.

காரியும் ஓரியும் ஊராக் குதிரையும்

ஊர்தலுக்குத் தரப்பட்ட மதிப்பின் உச்சம் ஊர்பவனும் குதிரையும் ஒரே பெயரைத் தாங்குவது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, காரி என்னும் குதிரையை உடைய காரியையும் ஓரி என்னும் குதிரையை உடைய ஓரியையும் பொருதவர்களாகக் காட்டுகிறது. ஓரி கொங்கின் கீழெல்லையிலுள்ள கொல்லிமலைக்கு உரியவன். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்ததை அகநானூறு (209) குறிப்பிடுகிறது. ஓரி வீழ்ந்தபின் காரி அவன் தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் பாடியுள்ளார் (நற். 320).

பெயர் ஒன்றாதலால் யார் குதிரை, யார் வீரன் என்னும் பிரிவு மங்குகிறது. அதே காரி இரவலர்க்குக் குதிரைகளை வழங்கிய வள்ளலாகவும் அதே நூலில் போற்றப்படுகிறான். தன்னோடு பெயர் பகிர்ந்த குதிரையை ஊர்ந்து புகழ் கொண்டவன், பிற குதிரைகளைக் கொடுத்துப் புகழ் கொண்டான். ஊர்தலும் ஈதலும் புகழாயின, வைத்திருத்தல் புகழாகவில்லை.

இதற்கு மறுதலையாகப் ‘ஊராக் குதிரை’ என்னும் தொடர் கருதத்தக்கது. கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பிட்டங்கொற்றனை அவ்வாறு விளிக்கிறார் (புறம். 168). குதிரை என்பது அவனுடைய மலையின் பெயர். ஊர்ந்து செல்ல இயலாத குதிரை என வெளிப்படையால் மலையைச் சுட்டுகிறார் புலவர். பெருஞ்சித்திரனாரும் எழினியின் குதிரைமலையை இம்முறையில் குறிக்கிறார் (புறம். 158). குதிரை என்றதும் ஊர்தல் நினைவுக்கு வருவதாலேயே ‘ஊராத’ என்னும் அடை பொருள் தருகிறது. ஊரப்படாத குதிரை விலங்காக இருக்க இயலாது, மலையாகவே இருத்தல் வேண்டும் என்பது அத்தொடரின் உள்ளார்ந்த எள்ளல்.

கடல்வழி வந்த இழப்பு

பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கலங்களில் வந்திறங்கும் குதிரைகளைக் காட்டுகின்றன. தமிழகத்துத் தட்பவெப்பமும் புல்வளமும் பெருங்குதிரை வளர்ப்புக்கு ஏற்றவையாக இல்லை. ஆதலால் இடையறாத இறக்குமதி தேவைப்பட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். மலைமண்டலத்திலிருந்து கிழக்கே வரும் இயல்பான தரைவழி பாலக்காட்டுக் கணவாய். அதன் வாயில் கொங்கு நாடு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். பேணத் தெரிந்தோர் இல்லாமையே காரணம் என்பது அவர் கூற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், ஆண்டுக்கு 1,400 குதிரைகள் ஒன்றுக்கு 220 பொன் தினார் விலையில் அனுப்பப்பட்டதையும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியரின் கருவூலமே விலை கொடுத்ததையும் பதிவு செய்கிறார். நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, உரிய பயிற்சியின்றி ஊர்வதால் விரைவில் அக்குதிரைகள் மந்தமாகின்றன என்றும் அவர் குறைகூறுகிறார்.

இக்கூற்றுகளை அப்படியே ஏற்க இயலாது. இவை அயலாரின் நோக்கில் எழுந்தவை. குதிரை விற்கும் நாட்டினரின் உயர்வு மனப்பான்மையும் இவற்றில் உண்டு. எனினும் வசாப்பின் நெய்த் தீவனக் குறிப்புக்கும் பொன்முடியாரின் நெய்யுணவுக்கும் இடையே உள்ள ஒப்புமை புறக்கணிக்கத்தக்கதன்று. பல நூற்றாண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர், செல்வர் வீட்டுத் தீவனம் குதிரையை நிறுத்திவிடுகிறது என்கின்றனர். தானிய உணவு மிகுந்தால் குளம்பின் உட்பகுதி வீங்கிக் குதிரை நடக்க இயலாது நிற்கும் என்பதையும், வயிற்றுநோய் குதிரைக்கு உயிர்க்கொல்லி என்பதையும் இன்றைய கால்நடை மருத்துவம் உறுதிப்படுத்துகிறது. பொன்முடியாரின் பாடலை நோய்க்குறிப்பாகக் குறுக்க வேண்டியதில்லை. பாடலின் முரண் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இது சான்றாகும்.

கயிறு மாறுதல்

குதிரை வாங்கி இழந்த கதைகளுள் தமிழில் தலையாயது வாதவூரர் கதை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருளை வாதவூரர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிடுகிறார். நரிகள் பரிகளாகி மதுரை வருகின்றன. இறைவனே குதிரை வணிகனாக வருகிறான். அன்றிரவு அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் முன்பே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடுகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரித்துரைக்கிறது.

சமய நோக்கில் இது அடியவரின் பெருமையைக் கூறும் கதை. அதன் நடுவே உள்ள ஒரு வணிக நடைமுறை தனித்துக் கருதத்தக்கது. வணிகனாக வந்த இறைவன் குதிரைகளைக் கயிறு மாறிக் கொடுக்கிறான். கயிறு மாறியபின் குதிரைக்கு நேர்வது எதுவாயினும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. மாட்டை விற்பவர் தம் கயிற்றை வைத்துக்கொண்டு வாங்குபவரின் புதுக்கயிற்றில் கட்டித் தருவது நாட்டுப்புறத்தில் இன்றும் அறியப்பட்ட வழக்கம். ஒரு நொடியில் உடைமை கைமாறுகிறது. இழப்பும் அதனோடு கைமாறுகிறது.

வசாப்பின் குறிப்பில் குதிரை வந்து சேருமுன்னரே இழப்பு அரசனைச் சேர்கிறது. புராணக் கதையில் கயிறு மாறியபின் சேர்கிறது. இரண்டிலும் வணிகன் இழப்பதில்லை. பாண்டியனின் சினம் இப்பின்னணியில் வேறு பொருள் பெறுகிறது. கருவூலத்தை ஆண்டுதோறும் விழுங்கும் ஒரு கொள்முதலில், கண்முன்னே உடைமை உருமாறி ஓடுவதைக் கண்ட அரசனின் சினம் அது. பகலில் பரி, இரவில் நரி என்பது இறக்குமதிக் குதிரையின் நிலையாமைக்கும் பொருந்தும் படிமம்.

எள்ளலும் எச்சரிக்கையும்

உடைமை மட்டும் எஞ்சி ஊர்தல் அற்றுப்போன நிலை எள்ளலுக்கு உரியதாகிறது. காளமேகம் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், விகடராமனின் குதிரையை மூவர் கடிவாளம் பற்றி இழுக்கின்றனர். இருவர் பின்னிருந்து தள்ளுகின்றனர். அது ஒரு காத வழியை ஒரு மாதத்தில் கடக்கிறது. குதிரை மனிதனைச் சுமப்பதற்கு மாறாக மனிதர் குதிரையைச் சுமக்கின்றனர். பொன்முடியார் உவமையால் சுட்டியதையே இப்பாடல் நகைச்சுவையாக்குகிறது.

நொண்டி நாடகத்தில் இது தண்டனையாகிறது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் முதலியவற்றில் கதைத்தலைவன் பரத்தையிடம் பொருளிழந்து குதிரை திருட முற்பட்டு, பிடிபட்டுக் காலிழந்து, பின்னர் இறையருளால் நலம் பெறுகிறான். களவுக்குப் பொன்னையோ நெல்லையோ தேர்ந்தெடுக்காமல் குதிரையைத் தேர்ந்தெடுத்தது ஆராயத்தக்கது. குதிரை ஒரே களவில் ஒருவனின் நிலையை உயர்த்தும் பொருள். அதனை முறையாக அடைய வழியற்றவன் இழப்பது அங்கவடியில் வைக்க வேண்டிய காலையே. குதிரை மேலேறும் விருப்பமும் சமூக நிலையில் மேலேறும் விருப்பமும் இங்கு ஒன்றாகின்றன.

மக்கள் வழக்கில் உள்ள பழமொழிகளும் இவ்வனுபவத்தைச் சேமித்துள்ளன. ‘குதிரை ஏறாமல் கெட்டது, கடன் கேளாமல் கெட்டது’ என்பது ஊரப்படாத குதிரை உடையவனுக்கே கேடாவதைக் கூறுகிறது. குதிரையைக் கடனோடு இணைத்திருப்பது கவனிக்கத்தக்கது. இரண்டும் கொடுத்துவைத்த முதல். இரண்டும் புழங்காவிடின் கரைபவை. ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்பது தீவனத்துக்கும் ஊர்தலுக்கும் இடையிலான இழுபறியை ஒரு வாயில் வைத்துக் காட்டுகிறது. கொங்கு வீடுகளில் பருப்பாகவும் இரசமாகவும் மனிதர் உண்ணும் கொள்ளே குதிரைக்கும் தீவனம் என்பதால், இவ்விழுபறி அடுக்களைக்கு மிக அண்மையில் நிகழ்வது.

மண்குதிரையும் சந்தைக் குதிரையும்

கொங்கு நாட்டில் குதிரை மிகுதியாக நிற்கும் இடம் இலாயமன்று, கோயில். அண்ணன்மார், முனியப்பன் முதலிய தெய்வங்களின் கோயில்களில் மண்ணாலும் சுதையாலும் ஆன குதிரைகள் நிற்கின்றன. நேர்த்திக்கடனாக மண்குதிரை செய்து வைக்கும் வழக்கம் உண்டு. அண்ணன்மார் கதையோடு தொடர்புடைய வீரப்பூரில் மாசித் திருவிழாவின் வேடபரி நிகழ்வில் பொன்னர் குதிரை வாகனத்தில் எழுந்தருள்கிறார். அண்ணன்மார் கதை உழவர் குடியின் கதை. கலப்பையும் வாளும் அதில் இணைந்து நிற்கின்றன. உயிர்க்குதிரையை வைத்துப் பேண இயலாத குடிகள் தெய்வத்துக்குக் குதிரை அளித்தனர். அக்குதிரைக்குத் தீவனம் வேண்டா, இலாடம் வேண்டா, அது இறப்பதுமில்லை. மனிதர் ஊராத அக்குதிரையில் இரவில் தெய்வம் ஊர்ந்து ஊரைக் காக்கும் என்பது நம்பிக்கை. புலவர் மலைக்குச் சூட்டிய ‘ஊராக் குதிரை’ என்னும் தொடர் இங்கு வேறொரு வகையில் பொருந்துகிறது. உடைமையின் சுமையை நீக்கி ஊர்தலின் மதிப்பை மட்டும் நிலைநிறுத்திய தீர்வு இது.

1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் உருவங்களும் பெரும்பாலும் குதிரையோடு அமைக்கப்படுவது இதன் தொடர்ச்சி. வீரனை ஊர்பவனாகக் காண்பதே இம்மரபின் விருப்பம்.

அந்தியூர்ச் சந்தையில் நிற்பது உயிர்க்குதிரை. அதனால் அங்குப் பழைய சிக்கல்கள் அனைத்தும் உயிர் பெறுகின்றன. வாங்க வருவோர் பல்லைப் பார்த்து வயதை அறிகின்றனர். உடலின் சுழிகளைப் பார்த்து நன்மை தீமை கணிக்கின்றனர். நடக்கவிட்டும் ஓடவிட்டும் கால்களை நோக்குகின்றனர். மேளத்துக்கு ஏற்ப ஆடப் பழக்கிய குதிரைகளைச் சுற்றிக் கூட்டம் திரள்கிறது. பல்லும் காலும் ஊர்தலுக்கான அளவுகோல்கள். நிறமும் அணியும் ஆட்டமும் உடைமைக்கான அளவுகோல்கள். சுழி, வாங்குபவனின் அச்சத்துக்கான அளவுகோல். கயிறு மாறியபின் வரும் இழப்பை முன்னரே அறிய விழையும் முயற்சி அது.

போரும் பயணமும் குதிரையை விட்டு நீங்கிய பின் உடைமை அளவுகோலே மேலோங்குவது இயல்பு. திருமண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் பெருமைக்கும் குதிரை வைத்திருப்பதைக் குற்றமாகக் கூற இயலாது. சந்தையில் ஒருவர் காட்டும் செல்வத்துக்குப் பின்னால், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஒரு விலங்கின் நாள்தோறுமான தீவனமும் சில வாரங்களுக்கு ஒருமுறை குளம்புப் பேணலும் உள்ளன என்பதை மறத்தல் கூடாது. பாடல்களில் இடம்பெறாத பாகன் இச்சந்தையில் கண்ணுக்குத் தெரிகிறான். இரவெல்லாம் குதிரையின் அருகே படுத்து, அதன் கழுத்தில் சாக்கைப் போர்த்தி, தண்ணீர் காட்டுபவன் அவனே. அவன் பெரும்பாலும் அக்குதிரையின் உடையவன் அல்லன்.

முடிவுரை

குதிரை மறம் என்னும் துறையை விலங்கின் வீரமாக மட்டும் வாசிப்பது அப்பாடல்களின் ஒரு பாதியையே காண்பதாகும். புன்செய்ச் சிற்றூர்த் தலைவன் தன் நிலம் தந்ததைக் கொண்டு பேணிய குதிரையே பொன்முடியாரின் பாடலில் படையைப் பிளக்கிறது. நெய்யூட்டிய குதிரை, காட்சிப் பொருளாகி விலகி நிற்கிறது. காரியும் ஓரியும் ஊர்ந்ததால் குதிரையோடு பெயர் பகிர்ந்தனர். பாண்டியன் உடைமையாகக் கொண்ட குதிரை ஓரிரவில் நரியாகிறது. விகடராமனின் குதிரை நகைப்புக்கும், நொண்டி விரும்பிய குதிரை துயருக்கும் காரணமாகின்றன. மண்குதிரை இவ்விடர்களிலிருந்து விடுபட்டு நிற்கிறது. இவை அனைத்திலும் ஊர்தலுக்கு மதிப்பும் உடைமைக்கு எச்சரிக்கையும் தரப்பட்டுள்ளன.

பழையவுரை கிடைக்காத பாடல்களைக் கற்பிக்கும்போது துறைப் பெயர் காட்டும் வழியில் மட்டும் செல்லாமல், பாடலில் உள்ள நிலத்தையும் தீவனத்தையும் உழைப்பையும் சேர்த்து வாசித்தல் வேண்டும் என்பதை இவ்வாய்வு வலியுறுத்துகிறது. கொங்கு வரலாற்றில் குதிரையைப் பெருமிதச் சின்னமாக நிறுவும் எழுத்துகள் பெருகிவரும் இக்காலத்தில் அவ்வாசிப்பு மேலும் தேவைப்படுகிறது. குதிரையின்மேல் அமர்ந்தவரின் உருவம் எங்கும் கிடைக்கிறது. அதற்கு உழுந்துச் சக்கை வைத்தவரின் உருவம் இலக்கியத்திலும் சிலையிலும் இல்லை. அவ்வெற்றிடத்தை நோக்கியே இத்துறையின் அடுத்தகட்ட ஆய்வுகள் செல்லுதல் வேண்டும்.